திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் பங்களித்தல்

திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் பங்களித்தல் என்பது, மூலநிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ள ஒரு மென்பொருளில் எவரேனும் ஒருவர் மாற்றம் எழுதி, அதனைப் பராமரிப்பவர்களிடம் ஒப்படைத்து, அவர்களது ஆய்வுக்குப்பின் அம்மாற்றம் மென்பொருளின் நிலையான பகுதியாக ஆகும் நடைமுறை ஆகும். மாற்றம் ஒரே ஓர் எழுத்துப்பிழையின் திருத்தமாக இருக்கலாம்; பல்லாயிரம் வரிகள் கொண்ட புதிய வசதியாகவும் இருக்கலாம். லினக்ஸ் கருனி, பயர்பாக்ஸ் உலாவி, லிப்ரெஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் முதலியவை இவ்வாறு வளர்ந்தவையே.

பங்களிப்பவர் பராமரிப்பாளர்களுக்கு முன்பின் தெரியாதவராக இருப்பது இந்நடைமுறையின் சிறப்பு. பட்டம், வயது, பணிபுரியும் நிறுவனம், வாழும் ஊர் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. ஒப்படைக்கப்பட்ட நிரல் சரியாக இயங்குகிறதா, படித்தால் விளங்குகிறதா, பிறர் பராமரிக்கத்தக்கதா என்பனவே கேட்கப்படுகின்றன. ஆயினும் ஆங்கிலத்தில் எழுதி விளக்கும் திறன் பெரும்பாலான திட்டங்களில் எழுதப்படாத ஒரு தகுதியாகவே இருந்து வருகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பின்னணி

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், படிக்கவும், மாற்றவும், பகிரவும் பயனருக்கு உரிமை உண்டு என்ற கோட்பாட்டின் மீது அது அமைந்தது. 1989இல் க்னூ பொதுமக்கள் உரிமத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது கருனியை வெளியிட்டார். "திறந்த மூலம்" என்ற பெயர் 1998இல் வழக்குக்கு வந்தது. தமிழில் கட்டற்ற மென்பொருள், திறமூல மென்பொருள் என்னும் சொற்களும் வழங்குகின்றன. இவற்றுக்கிடையே கொள்கை வேறுபாடு உண்டு எனினும், நிரலைப் பங்களிக்கும் முறையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

மாற்றத்தைக் கொண்ட கோப்பு பேட்ச் எனப்படுகிறது. துளையிட்ட காகித நாடாக்களில் நிரல்கள் வைக்கப்பட்டிருந்த காலத்தில், தவறான பகுதியை வெட்டிவிட்டு அவ்விடத்தில் வேறு துண்டை ஒட்டினர். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவது போன்ற அச்செயலின் பெயரே நிலைத்துவிட்டது. பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் வரிவரியாகக் காட்டும் டிஃப் என்ற கருவி 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் தோன்றியது. அவ்வேறுபாட்டை வேறொருவரின் படியில் தானாகப் பொருத்தும் பேட்ச் என்ற கருவியை லாரி வால் 1985இல் வெளியிட்டார். இதன்பின் முழு நிரலையும் அனுப்ப வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. சில வரிகளை மின்னஞ்சலில் அனுப்பினாலே போதும் என்றாயிற்று.

லினக்ஸ் கருனியை உருவாக்குவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமக் கருவியைப் பயன்படுத்தி வந்தனர். 2005இல் அதன் இலவசப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட் என்னும் கருவியைத் தாமே எழுதத் தொடங்கினார். கிட்டில் ஒவ்வொரு பங்களிப்பாளரிடமும் மென்பொருளின் முழு வரலாறும் இருக்கும். இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்து, பின்னர் இணைத்துக்கொள்ளலாம். 2008இல் தொடங்கப்பட்ட கிட்ஹப் தளம் இதனை உலாவி வழியாகச் செய்யும் வசதியை அளித்தது.

ஒரு திருத்தம் செல்லும் வழி

நடைமுறையை விளக்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். முகவரிச் சீட்டு அச்சிடும் ஒரு திறந்த மூல மென்பொருளில், ஊர்ப்பெயருக்கு 20 பைட்டுகள் என்று எல்லை வைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். ஆங்கில எழுத்துகளில் கிருஷ்ணகிரி என்று எழுத 11 பைட்டுகளே வேண்டும். எனவே எழுதியவருக்கு அந்த எல்லை தாராளமாகவே தோன்றியிருக்கும்.

தமிழில் நிலைமை வேறு. கிருஷ்ணகிரி என்பதில் கண்ணுக்குத் தெரிபவை ஆறு எழுத்துகள்: கி, ரு, ஷ், ண, கி, ரி. ஒருங்குறியில் அகரம் ஏறியவை தவிர்ந்த உயிர்மெய் எழுத்து ஒரே குறியாக வைக்கப்படுவதில்லை. ககரம் ஒரு குறி, அதன் மேல் ஏறும் இகரக் கொம்பு வேறொரு குறி. புள்ளியும் தனிக் குறியே. இவ்வாறு எண்ணினால் கிருஷ்ணகிரிக்கு 11 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்வதால் மொத்தம் 33 பைட்டுகள். எல்லை 20இல் வெட்டும்போது "கிருஷ்" என்பது வரை 18 பைட்டுகள் தப்பும். அடுத்த ணகரத்தின் 3 பைட்டுகளில் இரண்டு மட்டும் எஞ்சி, பொருளற்ற குறியாக அச்சாகும்.

ஓசூர் என்பதற்கோ எழுத்து மூன்று, குறி ஐந்து, பைட்டு பதினைந்து. எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே ஓசூரில் இருப்பவர் தம் ஊர்ப்பெயரை மட்டும் இட்டுச் சோதித்தால் வழு தென்படாது. ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாவட்டத் தலைநகரின் பெயரை இட்டால்தான் அது வெளிப்படும். மென்பொருள் வழுக்கள் பலவும் இத்தன்மையன. அவற்றை எழுதியவரைவிட, வேறு மொழியில் வேறு பெயரை உள்ளிட்டவரே முதலில் காண்கிறார்.

வழுவைக் கண்டவர் முதலில் செய்ய வேண்டியது, அது ஏற்கெனவே பதியப்பட்டுள்ளதா என்று திட்டத்தின் வழுப்பட்டியலில் தேடுவதாகும். இல்லையெனில் எந்தப் பதிப்பில், எதை உள்ளிட்டபோது, எது எதிர்பார்க்கப்பட்டது, எது கிடைத்தது என்று பதிய வேண்டும். "தமிழ் வரவில்லை" என்று மட்டும் எழுதப்பட்ட குறிப்பு எவருக்கும் பயன்படாது. அடுத்து மூலநிரலைத் தம் கணினியில் படியெடுத்து, மாற்றமின்றி அப்படியே கட்டமைத்து இயக்கிப் பார்க்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இவ்விடத்தில்தான். பெரிய மென்பொருள்களைக் கட்டமைக்கத் தேவையான துணைநூலகங்களை நிறுவவே ஒரு நாள் ஆகிவிடும். குறைந்த நினைவகம் கொண்ட மடிக்கணினியில் லிப்ரெஆபிஸ் போன்றவற்றைக் கட்டமைக்கப் பல மணிநேரம் பிடிக்கும். இதனைத் தம் திறமைக்குறைவு என்று எண்ணி விலகுவோர் பலர்.

பின்னர் கிட்டில் தனிக் கிளை ஒன்றைத் தொடங்கி, வழுவைக் காட்டும் சோதனை நிரலை முதலில் எழுதுவது நல்ல வழக்கம். கிருஷ்ணகிரி என்ற சொல்லை உள்ளிட்டு, அது முழுமையாக வெளிவருகிறதா என்று பார்க்கும் நான்கைந்து வரிகளே போதும். திருத்தத்துக்கு முன் அச்சோதனை தோற்க வேண்டும். திருத்தத்துக்குப்பின் வெல்ல வேண்டும். இனி எவரேனும் அறியாமல் பழைய வழுவை மீண்டும் கொண்டுவந்தால், இச்சோதனையே அவரைத் தடுக்கும். பல வேளைகளில் திருத்தத்தைவிடச் சோதனைதான் நெடுங்காலம் பயன் தருகிறது.

திருத்தத்துடன் ஒரு செய்திக்குறிப்பும் இணைக்கப்படும். என்ன மாற்றப்பட்டது என்பதை டிஃப் காட்டிவிடும்; ஏன் மாற்றப்பட்டது என்பதைக் குறிப்பு சொல்ல வேண்டும். பத்தாண்டுகளுக்குப்பின் அவ்வரியைப் பார்த்து வியப்பவருக்கு வேறு துணை இல்லை. இவை அனைத்தும் சேர்ந்து இணைப்புக் கோரிக்கையாகத் திட்டத்துக்கு அனுப்பப்படுகின்றன.

மறுஆய்வு

கோரிக்கை வந்ததும் தானியங்கிச் சோதனைகள் முதலில் ஓடுகின்றன. அவற்றைக் கடந்தபின் பராமரிப்பாளர் ஒருவர் நிரலைப் படிக்கிறார். மேற்கண்ட எடுத்துக்காட்டில், பைட்டுகளை எண்ணுவதை விடுத்து எழுத்துகளை எண்ணுமாறு நிரல் மாற்றப்பட்டிருந்தால், ஆய்வாளர் "க்ஷ என்ன ஆகும்?" என்று கேட்கக்கூடும். தமிழ் படிப்பவர் லக்ஷ்மி என்பதில் க்ஷ் என்பதை ஓரெழுத்தாகக் கொள்வார். ஒருங்குறியின் பொதுவான எழுத்துப் பிரிப்பு விதியோ அதனை க், ஷ் என இரண்டாகப் பிரிக்கும். இதற்கு விடை கண்டு, நிரலைத் திருத்தி, மீண்டும் அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று சுற்றுகள் நடப்பது இயல்பே.

முதல் கோரிக்கைக்கு மறுமொழியாகக் குறைகளின் பட்டியல் வருவதைப் புதியவர்கள் அவமதிப்பாகக் கருதுவதுண்டு. தொழிற்கூடத்தில் கடைந்த உருளையை மைக்ரோமீட்டர் கொண்டு அளந்து, அளவு கூடுதல் என்று திருப்பியனுப்பும் தரக்கட்டுப்பாட்டாளரின் செயலோடு இதனை ஒப்பிடலாம். அளக்கப்படுவது உருளை; கடைந்தவர் அல்லர். எனினும் சில திட்டங்களில் கடுஞ்சொற்கள் வழங்கியதும் உண்மை. லினக்ஸ் கருனித் திட்டம் 2018இல் நடத்தை நெறிமுறை ஒன்றை ஏற்றது. அதே வேளையில் டோர்வால்ட்ஸ் தமது கடுமையான மடல்களுக்காக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் விலகியிருந்தார்.

கருனியில் ஏற்கப்பட்ட மாற்றங்கள், புதிய பதிப்புச் சுழற்சியின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் திறக்கப்படும் இணைப்புக் காலத்தில் முதன்மைக் களஞ்சியத்தில் சேர்கின்றன. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. இது சிறு திருத்தங்களுக்கான கணக்கு. பெரிய மாற்றங்களுக்குக் காலக்கணக்கு இல்லை. கருனியை நிகழ்நேரக் கட்டுப்பாட்டுக்கு ஏற்றதாக்கும் பிரீயெம்ப்ட்-ஆர்டி என்ற மாற்றத் தொகுப்பு 2000களின் நடுப்பகுதி முதல் முதன்மைக் களஞ்சியத்துக்கு வெளியே பராமரிக்கப்பட்டு, துண்டு துண்டாக உள்ளே சேர்க்கப்பட்டு, 2024 நவம்பரில் வெளிவந்த 6.12ஆம் பதிப்பில்தான் நிறைவு பெற்றது. இதன் பயன் கீழே கூறப்படும்.

உரிமமும் பணி ஒப்பந்தமும்

பங்களிப்பவர் தாம் அனுப்பும் நிரலைத் திட்டத்தின் உரிமத்தில் வெளியிட இசைகிறார். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் பெற்றவர் அந்நிரலை மூடிய மென்பொருளிலும் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றன. க்னூ பொதுமக்கள் உரிமம் அவ்வாறன்று: அவ்வுரிமத்தில் உள்ள நிரலை மாற்றி, ஒரு கருவியோடு விற்பவர், அதன் மூலநிரலையும் பெறுபவருக்குத் தர வேண்டும். லினக்ஸ் கருனி இவ்வுரிமத்தின் இரண்டாம் பதிப்பில் உள்ளது. ஆகவே ஒரு வாகனத்தின் திரையில் லினக்ஸ் இயங்கினால், வாகன உற்பத்தியாளருக்கும் இக்கடமை உண்டு.

2003இல் எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸில் தன் நிரல் கலந்துள்ளது எனக் கூறி வழக்குத் தொடுத்தது. இதன் பின்விளைவாக, 2004 முதல் கருனிக்கான ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் அதனை அனுப்புபவர், இதனை அளிக்கத் தமக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறி ஒப்பமிடும் வழக்கம் ஏற்பட்டது. வேறு சில திட்டங்கள் தனி ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்கின்றன.

இந்த உறுதிமொழி வெறும் சடங்கன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் அடக்குகிறது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவின் (இ) உட்கூறின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழோ தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தின் கீழோ பணியின் போக்கில் ஆக்கப்பட்ட படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாத நிலையில், பணியில் அமர்த்தியவரே முதல் உரிமையாளர். தொழிற்பயிற்சி என்ற சொல் இங்கு கவனிக்கத்தக்கது. உதவித்தொகை பெறும் பயிற்சியாளர் பட்டறை வேலைக்காக எழுதிய நிரலும் நிறுவனத்துக்கே உரியது. அதனை நல்லெண்ணத்தோடு திறந்த மூலத் திட்டத்துக்கு அனுப்பினாலும், அளிக்க உரிமையற்ற பொருளை அளித்ததாகவே ஆகும். திட்டம் பின்னர் அதனை நீக்க நேரிடலாம். ஓய்வு நேரத்தில், சொந்தக் கணினியில், பணிக்குத் தொடர்பில்லாமல் எழுதியது எழுதியவருக்கு உரியது. ஆயினும் சில பணி ஒப்பந்தங்கள் இதனையும் உள்ளடக்குமாறு அகலமாக எழுதப்படுகின்றன. எனவே கையொப்பமிடும் முன் அப்பிரிவைப் படித்து, தேவையானால் எழுத்துமூலம் இசைவு பெற்றுக்கொள்வது நன்று.

தமிழ்க் கணிமையில் நிரல் பங்களிப்புகள்

தமிழுக்கான தன்னார்வப் பணி என்றாலே இடைமுகச் சொற்களை மொழிபெயர்ப்பது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தேவையான பணியே. ஆனால் பயனர் கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில் செய்யப்பட்ட நிரல் வேலை வேறு வகையில் பயன் தந்துள்ளது.

ஒருங்குறி பரவும் முன் தமிழ் இணையத்தில் டிஸ்கி எனப்படும் தகுதரக் குறியேற்றம் பெரிதும் வழங்கியது. அதில் "கொ" என்ற எழுத்து கண்ணால் காணும் வரிசையிலேயே, முதலில் ஒற்றைக்கொம்பு, பின் ககரம், பின் கால் என வைக்கப்பட்டது. ஒருங்குறியிலோ ககரம் முதலில் வரும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றக் குறிக்குக் குறி அட்டவணை போதாது. முன்னும் பின்னும் பார்த்து வரிசையை மாற்ற வேண்டும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அடிப்படையாக உள்ள க்னூ சி நூலகத்துக்கு இம்மாற்றியை 2002இல் எழுதி அளித்தவர் புரூனோ ஹைப்லே என்ற நிரலாளர். பழைய தமிழ்க் கோப்புகளை மீட்க விரும்புவோருக்கு அது இன்றும் உதவுகிறது.

மற்றொரு எடுத்துக்காட்டு சொல் வேர் காணும் நிரல். "தொழிற்சாலை" என்று தேடுபவருக்குத் "தொழிற்சாலைகளில்", "தொழிற்சாலையிலிருந்து", "தொழிற்சாலைக்கு" என்ற சொற்கள் உள்ள ஆவணங்களும் கிடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஓரிரு வடிவங்களே. தமிழில் பன்மையும் வேற்றுமையும் சொல்லுருபும் அடுக்கிக்கொண்டே செல்லும். ஆகவே உருபுகளைக் களைந்து சொல்லை அடிவடிவத்துக்குக் கொண்டுவரும் நிரல் தமிழ்த் தேடலுக்கு இன்றியமையாதது. மார்ட்டின் போர்ட்டர் உருவாக்கிய ஸ்னோபால் என்ற திட்டம் இத்தகைய நிரல்களைப் பல மொழிகளுக்கும் தொகுத்து வைத்துள்ளது. அதற்கெனவே அமைந்த சிறிய மொழியில் விதிகளை எழுதினால், அதிலிருந்து சி, ஜாவா, பைத்தான் முதலிய மொழிகளில் நிரல் தானாக உருவாகும். இதற்கான தமிழ் விதிகளைத் தாமோதரன் ராஜலிங்கம் எழுதி அளித்தார். ஸ்னோபால் அவற்றை ஏற்றுக்கொண்டது. ஸ்னோபாலின் நிரல்களைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எடுத்துக்கொள்வதால், 2019 அக்டோபரில் வெளியான அதன் 12ஆம் பதிப்பில் அரபி, இந்தோனேசியம், ஐரிசு, லித்துவேனியம், நேபாளி ஆகியவற்றோடு தமிழும் முழுவுரைத் தேடலில் இடம்பெற்றது. அன்று முதல் போஸ்ட்கிரெஸை நிறுவும் எவரும், கேட்காமலேயே தமிழ் வேர் காணும் நிரலையும் பெறுகின்றனர். இதற்காகப் போஸ்ட்கிரெஸின் இலட்சக்கணக்கான வரிகளைப் படிக்க வேண்டிய தேவை அவ்விதிகளை எழுதியவருக்கு ஏற்படவில்லை. சரியான இடத்தில் இடப்பட்ட சிறு நிரல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இது நல்ல சான்று.

எழில் என்ற தமிழ் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நூலகம், தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்தல், குறியேற்றம் மாற்றுதல் முதலியவற்றைச் செய்கிறது. பைத்தானில் நேரடியாகக் கேட்டால் கிருஷ்ணகிரிக்கு நீளம் 11 என்று விடை வரும். இந்நூலகம் ஆறு என்று சொல்லும். எம்ஐடி உரிமத்தில் உள்ள இதற்குப் பலரும் நிரல் அளித்துள்ளனர். தமிழ் அறிந்த மாணவர் தொடங்குவதற்கு இதுபோன்ற சிறிய நூலகம் பொருத்தமானது.

இலங்கையில் 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப்பின், காணாமற்போனோரைப் பதியவும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் கணக்கிடவும் தன்னார்வ நிரலாளர்கள் சகானா என்ற மென்பொருளை எழுதினர். லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதற்குத் துணை நின்றது. 2005 பாக்கித்தான் நிலநடுக்கத்திலும் 2010 எயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் 2005இல் தொடங்கியது முதல் முதற்பத்தாண்டில், உலகிலேயே மிகுதியான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகமாக இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் விளங்கியது.

ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் பெரிய நகரமான ஓசூர் கர்நாடக எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் முதலிய நிறுவனங்கள் இங்கு ஆலைகளை அமைத்தன. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் கடையும் சிறு பட்டறைகள் பெருகின. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசப்படும் பகுதி இது. ஒரே பட்டறையின் வருகைப்பதிவில் மூன்று மொழிப் பெயர்களும் இருப்பது இயல்பு.

மென்பொருள் என்றால் எல்லைக்கு அப்பால் மின்னணு நகரம், இயந்திரம் என்றால் இப்பால் சிப்காட் என்ற பிரிவு இப்பகுதியில் வழங்கும் ஓர் எண்ணம். திறந்த மூலத் திட்டங்கள் சில இப்பிரிவுக்கு அடங்காதவை. லினக்ஸ்சிஎன்சி அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990களில் உருவான இயந்திரக் கட்டுப்பாட்டு நிரலில் இருந்து அது வளர்ந்தது. கடைசல், துருவல் இயந்திரங்களின் அச்சுகளை ஜி-குறிகளைப் படித்து அது இயக்குகிறது. இந்தியப் பட்டறைகளின் புதிய இயந்திரங்களில் பெரும்பாலும் ஃபானுக், சீமென்ஸ் போன்றவற்றின் மூடிய கட்டுப்படுத்திகளே உள்ளன. பழைய இயந்திரத்தின் கட்டுப்படுத்தி பழுதானபின், இரும்பு நன்றாக இருக்கையில், அதனைச் சாதாரணக் கணினியால் மீண்டும் இயக்க விரும்புவோரே லினக்ஸ்சிஎன்சியை மிகுதியாக நாடுகின்றனர்.

படிநிலை மோட்டாருக்குத் துடிப்புகள் சீரான இடைவெளியில் செல்ல வேண்டும். ஒரு துடிப்பு சில பத்து மைக்ரோநொடி தாமதித்தாலும் மோட்டார் தடுமாறக்கூடும், பொருள் கெடும். சாதாரண இயங்குதளம் இத்தகைய உறுதியை அளிப்பதில்லை. மேலே கூறப்பட்ட பிரீயெம்ப்ட்-ஆர்டி மாற்றங்களின் தேவை இங்குதான் எழுகிறது. இத்திட்டத்தில் நிரலாளருக்கு நிகராக, இயந்திரத்தின் இயல்பறிந்தவரும் வேண்டப்படுகிறார். குறிப்பிட்ட ஒரு கடைசல் இயந்திரத்தின் கருவி மாற்றி எந்த வரிசையில் சுழல்கிறது, எந்த உணரி எப்போது விழிக்கிறது என்பதை எழுதும் சிறு நிரற்கூறு, அவ்வியந்திரத்தின் முன் நின்று பழகியவரால்தான் சரியாக எழுதப்படும். ஐடிஐ, பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இதனைத் தம் எல்லைக்கு அப்பாற்பட்டதாகக் கருதத் தேவையில்லை.

ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு மென்பொருளின் வரலாறும் இவ்வகையில் படிக்கத்தக்கது. அதில் ஒரு முகப்பின் மீது துளையிட்டபின், முந்தைய படிநிலை ஒன்றை மாற்றினால், முகப்புகளின் எண்கள் மாறிவிடும். ஆறாம் முகப்பில் இருந்த துளை வேறு இடத்துக்குத் தாவிவிடும். வரைபடத்தைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் பயனர் இதனால் அல்லலுற்றனர். ரியல்தண்டர் என்ற புனைபெயரில் எழுதும் நிரலாளர் ஒருவர் இதற்கான தீர்வைத் தமது தனிக் கிளையில் பல ஆண்டுகள் வளர்த்தார். ஆனால் அக்கிளை மூலத் திட்டத்திலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதால் அப்படியே இணைக்க இயலவில்லை. பிறர் அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆய்ந்து, சேர்த்தனர். 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பில் அது இடம்பெற்றது. சிறு சிறு துண்டுகளாக அனுப்புமாறு திட்டங்கள் வற்புறுத்துவதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

கருவி கிடைப்பதைப் பொறுத்தவரை, 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு லினக்ஸின் முதல் அறிமுகம் அதுவே. அறிமுகம் நிகழ்ந்த அளவுக்குப் பயிற்சி நிகழ்ந்தது எனக் கூறுவதற்கில்லை. பெங்களூரில் 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் ஃபாஸ்.இன் எனப் பெயர் மாறி, 2012 வரை நடந்த மாநாடு, பேச்சுகளைவிட அமர்ந்து நிரல் எழுதுவதற்கே பிற்காலத்தில் முதன்மை அளித்தது. ஓசூரிலிருந்து பேருந்தில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் அது நடந்தது.

தவறான பங்களிப்புகளும் பாதுகாப்பும்

எவரும் அனுப்பலாம் என்பதால் எல்லாமே நன்மையாக முடிவதில்லை. அக்டோபர் மாதத்தில் நான்கு இணைப்புக் கோரிக்கைகள் அனுப்புவோருக்குச் சட்டை பரிசளித்துவந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு 2020இல் பெருந்தொல்லையாக மாறியது. விளக்கக் கோப்பில் ஒரு புகழ்ச்சொல்லைச் சேர்ப்பது போன்ற பொருளற்ற கோரிக்கைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அவற்றுள் பல இந்திய மாணவர்களிடமிருந்து வந்தவை. ஊதியமின்றிப் பணியாற்றும் பராமரிப்பாளர்கள் நாட்கணக்கில் அவற்றை மூடிக்கொண்டிருந்தனர். சில நாட்களிலேயே, விரும்பிப் பதிந்துகொள்ளும் திட்டங்கள் மட்டும் பங்கேற்கும்படி விதி மாற்றப்பட்டது. தன்விவரக் குறிப்பில் காட்டுவதற்காக மட்டும் செய்யப்படும் பங்களிப்பு, பிற இந்திய மாணவர்களின் உண்மையான திருத்தங்களையும் ஐயத்தோடு பார்க்கச் செய்துவிடுகிறது என்பதே இதன் வருந்தத்தக்க விளைவு.

நேர்மையான பிழையும் பேரிழப்பை உண்டாக்கலாம். 2011 திசம்பர் 31 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஏற்கப்பட்ட ஒரு பங்களிப்பில், பெறப்பட்ட நீளத்தைச் சரிபார்க்கும் வரி விடுபட்டிருந்தது. எழுதியவரும் ஆய்ந்தவரும் அதனைக் காணவில்லை. ஹார்ட்பிளீட் எனப் பெயர்பெற்ற அவ்வழு 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. அதற்குள் உலகின் ஏராளமான வழங்கிகளின் நினைவகம் வெளியாருக்குத் திறந்து கிடந்தது.

வஞ்சகமும் நிகழ்ந்துள்ளது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கு மென்பொருளை நெடுங்காலம் ஒரே தன்னார்வலர் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுகளுக்கு மேல் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்று, பராமரிப்பு உரிமையையும் அடைந்து, 2024 பெப்ரவரியில் மறைவழி ஒன்றை உள்ளே வைத்தார். அடுத்த மாதம், போஸ்ட்கிரெஸ் நிரலாளரான ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், தம் கணினியில் தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கண்டு, காரணத்தைத் துருவிச் சென்று அதனை வெளிப்படுத்தினார். மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் துருவ முடிந்தது. ஆனால் துருவிய ஒருவர் இருந்தது தற்செயலே.

செயற்கை அறிவுக் கருவிகள் எழுதும் நிரலைப் பற்றித் திட்டங்களிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் இவற்றால் ஆக்கப்பட்ட பங்களிப்புகளை ஏற்பதில்லை என முடிவு செய்தது. வேறு சில திட்டங்கள், கருவியைப் பயன்படுத்தியதை வெளிப்படையாகக் கூறினால் ஏற்கின்றன. எத்திட்டமாயினும், அனுப்பிய நிரலின் எந்த வரியைப் பற்றிக் கேட்டாலும் அனுப்பியவர் விளக்கம் அளிக்க வேண்டியிருக்கும்.